எண்ணெய் ஆலைக் குடும்பமும் எங்கள் கிறிஸ்துமஸ் லீவும்

நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டது ஆர்வத்தால் அல்ல, ஆத்திரத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மொழி கற்றால் மூளைக்கு நல்லது, உலகம் விரியும் என்றெல்லாம் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு பேரும் எதற்குச் சிரித்தார்கள்?

வேலம்பாளையத்தில் குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுத்ததிலிருந்து கடைசி பெட்டி லாரியில் ஏறும் வரை எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருக்கிற வேலை. எங்கள் பெரிய பையர் ஸ்பெயினில் இருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவும், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஓர் இளைஞரும். வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார்கள். எங்களிடம் ஆங்கிலம் பேசுவார்கள். பேசி முடித்ததும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்து, நாங்கள் நான்கு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், தங்கள் மொழியில் விறுவிறுவென்று பேசிக்கொள்வார்கள். நாங்கள் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

அன்று தேதி பற்றிப் பேச்சு. சரக்கை டிசம்பர் கடைசி வாரத்திலேயே அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் முதலாளி வழக்கம்போல, "வீ வில் சீ மேடம், நோ பிராப்ளம்" என்றார். அந்த அம்மா இளைஞரிடம் திரும்பி ஏதோ சொன்னார். அவர் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த அம்மா கேமராவில் நேராக என்னைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். "சியம்ப்ரே தீத்தென் கே சீ." என்னவென்று தெரியாது. இருக்கட்டும், ஒருநாள் தெரியாமலா போகும் என்று எழுதி வைத்தேன்.

இங்கே எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அவர் அப்பா கைத்தறி நெய்தவர். இவர் பத்து மிஷினில் ஆரம்பித்து இருநூறு மிஷினுக்கு வந்தவர். அவர் அறையில் பழனி முருகன் படத்துக்கு ஒருநாள் கூடப் பூ தவறாது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லோரும் அவருக்கு "வாங்க, போங்க"தான். அவரிடம் இல்லாத ஒரே சொல் 'இல்லை'. முடியாத ஒன்றை யாராவது கேட்டால், "பாக்கலாங்க" என்பார். கட்டாயம் முடியாது என்றால், "பண்ணிடலாங்க" என்பார். இங்கே பிறந்தவர்களுக்கு அது புரியும். கேட்டவர் மனம் நோகாமல், 'வேறு இடம் பாருங்கள்' என்று சொல்கிற மரியாதை அது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் முடியாது என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் காப்பி கொடுப்போம். கல்யாணமாகி இங்கே லைன் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் குழாய் ஒழுகியது. வீட்டு ஓனரிடம் சொன்னேன். "அதுக்கென்னங்க கண்ணு, பாத்துப் பண்ணிடலாங்க" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று என் வீட்டுக்காரரிடம் மெச்சினேன். மூன்று மாதம் அடியில் வாளி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். "ஏனுங்க, அவரு அன்னைக்கே மாட்டேன்னு சொல்லிப்போட்டாருல்லங்க." எனக்குத் தலை சுற்றியது. ஒரே தமிழ் பேசுகிற நானே மூன்று மாதம் ஏமாந்தேன் என்றால், ஸ்பெயினில் உட்கார்ந்திருக்கிற அம்மா என்ன செய்வார்? "நோ பிராப்ளம்" என்றதும் தேதியை எழுதிக்கொண்டார்.

அந்தத் தேதி எங்கள் கிறிஸ்துமஸைத் தின்றது.

எங்கள் மூன்றாவது லைனில் தைப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள். நான்தான் ஒவ்வொருவராகக் கூட்டி வந்து சேர்த்தேன். அதில் ஒருத்தி என் மதினி, என் அண்ணன் மனைவி. அண்ணன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். ஊரில் மதினியின் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறார்கள். மதினி அவர்களைப் பார்ப்பது வருஷத்தில் இரண்டு தடவை, கோடை விடுமுறையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. பஸ் டிக்கெட் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் கவுன் தைத்து வைத்திருந்தாள். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, தேதி நெருங்கிருச்சுங்க. லைன்ல லீவு குடுக்க முடியாது போல இருக்குதுங்க. நீங்களே அவிங்ககிட்டப் பதமாச் சொல்லிருங்க."

பதமாக எப்படிச் சொல்வது? லைன் நடுவில் நின்று சொன்னேன். மதினி மிஷினை நிறுத்தாமல், தலை தூக்காமல், "நீதான கூட்டிட்டு வந்த" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொங்கல் தாண்டும் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வருவதாக இருந்த அன்று பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்களாம். மதினி போன் பண்ணிச் சொன்ன பிறகும், ஒருவேளை வந்துவிடுவாள் என்று, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பஸ் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். அண்ணன்தான் என்னிடம் சொன்னான்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸன்று கூடத் தைத்து, சொன்ன தேதிக்கு நான்கு நாள் பிந்தி முடித்தோம். பெட்டிகள் எங்கள் குடோனிலேயே அடுக்கிக் கிடந்தன. ஒரு வாரம் கிடந்தன. பொங்கல் வந்தது, கோலம் போட்டார்கள், அப்போதும் கிடந்தன. கப்பல் அதற்குப் பிறகுதானாம். நான் குடோன் வாசலில் நின்று அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். ஏன் இப்படி என்று கேட்க ஆள் இல்லை. ஸ்பெயின்காரர்களைக் கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு, உள்ளதையெல்லாம் தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, டிவியில் மொழி மாற்றுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்பானிஷ் என்று போட்டேன்.

முதலில் மாட்டியது ஒரு மெக்சிகோ சீரியல். ஒரு பணக்கார வீடு, அந்த வீட்டில் வேலைக்கு வந்த ஒரு பெண், அவள் உண்மையில் யாருடைய மகள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. கதை புரிவதற்கு மொழியே தேவையில்லை, நம் வீட்டு சீரியல்தான். ஒரு பாகத்தை மூன்று தடவை பார்ப்பேன். முதல் தடவை கீழே ஆங்கில எழுத்தோடு. இரண்டாவது தடவை கீழே ஸ்பானிஷ் எழுத்தோடு. மூன்றாவது தடவை எழுத்தே இல்லாமல், கீரை ஆய்ந்துகொண்டு, காதால் மட்டும். புதுச் சொல் வந்தால் பழைய ஆர்டர் பேப்பரின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். "ஏட்டி, அந்த வெள்ளக்காரி இன்னுமா அழுதுக்கிட்டு இருக்கா?"

"அவ அழுதா உங்களுக்கு என்ன? தோசை அங்க இருக்கு, போட்டுத் தின்னுங்க."

சீரியலில் கற்றால் என்ன சொற்கள் வரும்? முதல் இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்தவை இவை: பொய்காரி, துரோகி, விஷம், உயில், என் வீட்டை விட்டு வெளியே போ. தண்ணீர் கொடுங்கள் என்று கேட்கத் தெரியாது. ஆனால் யாராவது என் சொத்தை அபகரித்தால் ஸ்பானிஷில் வெளுத்து வாங்கியிருப்பேன். குக்கர் மூன்று விசில் வந்தும் நிற்காவிட்டால் "பஸ்தா யா" என்பேன். போதும் நிறுத்து என்று அர்த்தம். பூனை பாலில் வாய் வைத்தால், "ஃபுவேரா தே மி காஸா." பூனைக்குப் புரிந்தது, ஓடியது. அதில் எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மே மாதம் வரை இப்படி. சரி, இப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோ காலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவும் இளைஞரும் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் கூட. நாலு மாதம், நாள் தவறாமல், கீரை ஆய்ந்து, காய் நறுக்கி, எல்லாம் தண்டம். அன்று மதியம் சாப்பாட்டு ஹாலில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே மதினி. பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் பழைய மாதிரி இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

சொன்னேன். சிரிப்பை, நோட்டு ஓரத்தில் எழுதியதை, சீரியலை, எல்லாவற்றையும் முதல்முறையாக அவளிடம் சொன்னேன்.

அவள் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள். "நான் இங்க வந்த புதுசுல சூப்பர்வைசர் பேசுறது எனக்கு வெளங்கல. ஊடுங்கான், அப்புச்சிங்கான், வெசயங்கான். தமிழ்தான பேசுதான், நமக்கு ஏன் வெளங்கலன்னு அழுகையா வந்துச்சு. நீ பாக்குற சீரியலு எந்த ஊரு, இவங்க எந்த ஊரு? அதப் பாரு மொதல்ல."

எனக்கு யாரோ மண்டையில் ஓங்கிக் குட்டிய மாதிரி இருந்தது. ஸ்பெயின்காரர்களைப் புரிந்துகொள்ள நான் மெக்சிகோக்காரர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலம்பாளையத்தில் வேலை பார்க்கப் போகிறவனுக்குத் திருச்செந்தூரில் தமிழ் சொல்லிக் கொடுத்த கதை. அன்றே ஸ்பெயினில் எடுத்த சீரியல் எது என்று தேடினேன்.

கிடைத்தது எண்ணெய் ஆலைக் குடும்பம். ஆலிவ் தோட்டம், அதில் ஒரு பழைய எண்ணெய் ஆலை, அதை நடத்துகிற ஒரு விதவை, அவளுக்கு மூன்று மருமகன்கள். மூன்று பேரும் ஆலையை விற்கப் பார்க்கிறார்கள், அவள் விடமாட்டேன் என்கிறாள். அந்தப் பெண்பிள்ளையை நான் எப்படிச் சொல்வது? குரலை உயர்த்தாமல், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எதிராளியைக் காலி பண்ணுவாள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. தொண்ணூறு பாகம். இடையில் சலித்தால் சினிமா. பஸ் டிரைவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அம்மாவைத் தேடிப் போகிற படம், பேக்கரியில் நடக்கிற ஒரு படம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஒரு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். உடுப்புச் சம்பந்தமான சொல் எதுவும் சீரியலில் வராது என்பதால் அவர்கள் அனுப்புகிற அளவுத் தாள்களிலிருந்து கை, கழுத்து, பட்டன், மடிப்பு எல்லாம் பொறுக்கிக்கொண்டேன்.

நான் மட்டும் தனியாக உட்கார்ந்து அந்த ஆலைக்காரி பேசுவதைத் திருப்பிச் சொல்வேன். அவள் மூச்சு விடுகிற இடத்தில் நானும் மூச்சு விடுவேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்கிறார்கள். அடுத்த காட்சியில் ஒரே மேஜையில் ரொட்டி பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். உறவு ஒன்றும் அறுந்து போகவில்லை. அட, இது எங்கள் ஊர்ப் பழக்கமல்லவா. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊருக்காக நாக்கை மடித்து வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு நடந்த எனக்கு, கால் நீட்டி உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

நாற்பதாவது பாகமோ என்னவோ, அவள் தன் மருமகன்களைப் பற்றி வக்கீலிடம் சொல்கிறாள். "ஸியெம்ப்ரே தீத்தென் கே ஸீ." நான் வெங்காயம் நறுக்குவதை விட்டுவிட்டு எழுந்தேன். திரும்ப ஓட்டினேன். மறுபடியும் ஓட்டினேன். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் அதே வரி. டிவித் திரையின் அடியில் ஆங்கிலத்தில் அர்த்தம் ஓடியது: எப்போதும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

ஓ, இதற்குத்தான் சிரித்தீர்களா. கோபம் வந்தது. வந்த கோபம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது, ஏனென்றால் அவர்கள் சொன்னது உண்மை. எப்போதும் சரி என்றுதான் சொல்கிறோம்.

ஐப்பசி மழைக்கு நடுவில் அந்த அம்மாவும் இளைஞரும் நேரில் வந்தார்கள். பொன்னாடை போட்டு, இளநீர் கொடுத்து, லைன் லைனாகக் காட்டி அழைத்து வந்தோம். மூன்றாவது லைனில் மதினி தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, தையலைத் தொட்டுப் பார்த்து, "குட்" என்றார் அந்த அம்மா. மதினி என்னைப் பார்த்தாள். அந்த வருஷமும் டிக்கெட் போட்டிருந்தாள். ஆனால் கவுன் தைக்கவில்லை. கேட்டதற்கு, "போறது நிச்சயமாகட்டும்" என்று சொல்லியிருந்தாள். பிள்ளைகளிடமும் இன்னும் சொல்லவில்லை.

முதலாளி அறையில் உட்கார்ந்தோம். எதிரே அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் முதலாளியும் நானும். எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மனிதர் யாரிடமும் நான் அதைப் பேசியதும் இல்லை. பேசியது எல்லாம் டிவியோடும் பூனையோடும்தான்.

தேதிப் பேச்சு வந்தது. இளைஞர் அந்த அம்மாவிடம் தங்கள் மொழியில் கேட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் எனக்கு வந்து விழுந்தது.

"கப்பல் ஜனவரி பத்துக்கு மேல்தானே. எதற்கு டிசம்பர் கேட்கிறீர்கள்?"

"கேள். இவர்கள் எப்போதும் சரி என்றுதான் சொல்வார்கள். சரி என்றால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். டிசம்பர் கடைசி என்று சொன்னால்தான் ஜனவரி பத்துக்கு வரும்."

எனக்குக் குடோனில் கிடந்த பெட்டிகள் கண்ணில் வந்தன. இவ்வளவுதானா? முதலாளி வாய் கூசி இல்லை என்று சொல்ல மாட்டார். அந்த அம்மா இவருடைய 'சரி'யை நம்பாமல் இரண்டு வாரம் முன்னால் கேட்பார். அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில் மதினியின் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை, எல்லோரும் நல்லவர்கள், பிள்ளைகள் மட்டும் மூன்று பஸ் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அந்த அம்மா ஆங்கிலத்துக்கு மாறி, டிசம்பர் கடைசி வாரம் முடியுமா என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார், முருகனை ஒரு பார்வை பார்த்தார். "வீ வில் சீ மேடம். நோ பிராப்ளம்."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

"நோ" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். நான் என்ன பேச வேண்டும் என்று யோசித்தெல்லாம் வைக்கவில்லை. வாயைத் திறந்தேன், எண்ணெய் ஆலைக்காரி வந்தாள். "எஸ்கூச்செமே பியென், ஸெஞோரா, போர்கே நோ லோ வோய் அ ரெபெதீர்." நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா, இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன். மூத்த மருமகனை ஆலையை விட்டு வெளியேற்றும்போது அவள் சொல்கிற வசனம் அது. என் கை தன்பாட்டுக்குத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டது.

இளைஞர் வாயைப் பிளந்தார். அந்த அம்மாவின் பேனா அப்படியே நின்றது. நிறுத்த எனக்கும் தெரியவில்லை. தப்பும் தவறுமாக, ஆனால் நிற்காமல் சொன்னேன். இவர் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றுதான் சொன்னார். இந்த ஊரில் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை, அதனால் இப்படிச் சொல்வார்கள். எனக்கே மூன்று மாதம் புரியவில்லை. நீங்கள் எங்களை நம்பாமல் இரண்டு வாரம் கூட்டுகிறீர்கள். போன வருஷம் உங்கள் பெட்டிகள் பொங்கல் தாண்டி எங்கள் குடோனில் தூங்கின. அதற்காக இந்தப் பெண்கள் கிறிஸ்துமஸைத் தைத்துத் தீர்த்தார்கள். இப்போது தொட்டுப் பார்த்தீர்களே, அந்தத் தையல் என் மதினியுடையது. அவள் தன் பெண்களைப் பார்க்கப் போக வேண்டும். உண்மைத் தேதியைச் சொல்லுங்கள், உண்மைப் பதிலைச் சொல்கிறோம்.

வேலை போச்சு என்று நினைத்தேன். போகட்டும், ஆனால் இன்று சொல்லிவிட்டேன் என்றும் நினைத்தேன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்திருந்தது. தான் பேசியதெல்லாம் எனக்குப் புரிந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாக ஸ்பானிஷில் கேட்டார். "எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"டெலெவிஸியோன்" என்றேன்.

ஒரு நொடி பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுதானே பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் நிஜத்தில் இப்படிப் பேச மாட்டார்கள்." இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு முதலாளியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "சார், உங்கள் பதில் இல்லை என்பதா?"

பாவம், மனிதருக்கு வேர்த்துவிட்டது. என்னிடம் குனிந்து, "அம்மிணி, என்ன சொன்னீங்க அவிங்ககிட்ட?" என்றார்.

"உள்ளதச் சொன்னேங்க. கப்பல் பத்தாம் தேதிக்கு மேலதானாம். நாம எப்பவும் சரிங்கறோம், அதனால முன்னாடியே கேக்கறாங்களாம். இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"வந்தவிங்ககிட்ட அந்தச் சொல்லு வாயில வராதுங்களே அம்மிணி."

"போன வருஷம் லைன்ல நின்னு லீவு இல்லைன்னு சொல்ல எனக்கு மட்டும் வந்துச்சுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நோ மேடம்" என்றார். சொன்னதும் அவருக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நோ. டிசம்பர் நோ. ஜனவரி டென், ஷ்யூர்."

"பாலே" என்றார் அந்த அம்மா. சரி என்று அர்த்தம். ஜனவரி பத்து என்று எழுதி, அடியில் கோடு போட்டார். எழுதிக்கொண்டே என்னிடம் தங்கள் மொழியில் சொன்னார். "இந்த ஊருக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த முதல் 'இல்லை' இதுதான். நன்றி."

அன்று மதியம் முதலாளி வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மா ரசத்தை டம்ளரில் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். உறவு ஒன்றும் அறுந்து போகவில்லை.

லைனுக்குப் போய் மதினியிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தினாள். "நெசமாவா?" என்றாள். நெசம் என்றேன். அன்று சாயங்காலமே துணி எடுக்கப் போனாள்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மூன்றாவது லைன் மொத்தமும் ஊருக்குக் கிளம்பியது. முதலாளி கேட் வரை வந்து ஆளுக்கொரு கேக் டப்பா கொடுத்து, "ரெண்டாம் தேதி வந்துருவீங்கல்லங்க?" என்று கேட்டார். வந்துவிடுவோம் என்றார்கள். சொன்னபடி எல்லோரும் வந்தார்கள். ஒன்பதாம் தேதி கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது. குடோனில் ஒரு பெட்டி கூடத் தூங்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஒன்பது மணி இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் மதினியும். ஸ்டாப்பில் யாரும் இல்லை. மதினி சுற்றிலும் பார்த்தாள். போனில் பிள்ளைகளிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னார்களாம். போன வருஷம் நின்றது போதும் என்று இந்த வருஷம் வரவேயில்லை. மதினி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சின்னவள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஜன்னலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டுச் சின்னவள் நிமிர்ந்தாள். வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. அம்மாவை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"நெசமாவே வந்துட்டியாம்மா?" என்றாள்.

"வர்றேன்னு சொன்னேம்லா" என்றாள் மதினி.

வாளி உருண்டது. பெரியவள் நட்சத்திரத்தோடு ஓடி வந்தாள். மூன்று பேரும் அந்த ஈர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதினி இரண்டு தலையையும் மடியில் அமுக்கிக்கொண்டு, அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி, அங்கயே ஏன் நிக்க, இங்க வா" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பழைய குரலில் என்னைக் கூப்பிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை, தெருவே பார்க்க நின்று விக்கி விக்கி அழுதேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு. என் வீட்டுக்காரர் பைகளை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க அத்தையப் பாத்தியளா? ஒரு வருஷம் டிவியில அழுத அந்த வெள்ளக்காரிகிட்டப் படிச்சது இதத்தான்."